தோரணவாசலுக்கு வெளியே ஒரு நாள்

உ

வோபர்ன், ஸ்காபரோ
11.08.1996

அன்புள்ள தம்பி குகதாசன் அறிவது,

நானும் அத்தானும் இங்கே சுகம். நீயும் அங்கே தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க நல்லூரான் துணை. நலம் விசாரித்தாயிற்று, இனி ஏச்சு. ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நகோயாவில் பேனைக்குத் தட்டுப்பாடோ?

சேதி என்னவென்றால் எனக்கு நாலு மாதம். இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. போனமுறை ஊரெல்லாம் சொல்லித் தம்பட்டம் அடித்துவிட்டு ஏழாம் மாதத்தில் பறிகொடுத்தது உனக்குத் தெரியும். இந்த முறையும் பிரஷர் கூடத்தான் நிற்கிறது. டொக்டர் வேலையை விடச் சொல்லிவிட்டார். கோபம் கூடாதாம், யோசனை கூடாதாம், அழுகை அறவே கூடாதாம். உன் அத்தான் அதை மூன்று வரியாக எழுதி பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தே எனக்குக் கோபம் வருகிறது.

நாள் முழுக்கச் சோபாவில் கிடந்து ரெலிவிஷன் பார்க்கிறேன். போன கிழமை உன் ஜப்பானைக் காட்டினார்கள். இசே என்று ஓர் ஊர். ஊர் முழுக்கக் கோயிலாம். இருபது வருசத்துக்கு ஒருமுறை பெரிய கோயிலைப் பக்கத்து வளவில் அப்படியே புதிதாகக் கட்டி, சாமியைக் குடியேற்றிவிட்டுப் பழையதைக் கழற்றிவிடுவார்களாம். எங்களைப் போல இடம்பெயர்ந்த சாமி என்று அத்தானுக்குச் சொன்னேன். வரைபடத்தில் உனக்கு ஒரு விரற்கடைத் தூரம்தான். ஒரு நாள் போய்ச் சுற்றிப் பார்த்து, எனக்காகக் கும்பிட்டு, கண்டதெல்லாம் எழுது. சுகப்பிரசவத்துக்குத் தாயத்து மாதிரி ஒரு காப்புக் கொடுக்கிறார்களாம். அதுவும் வேண்டும். ஒக்டோபர் இருபதோடு எனக்கு ஏழு பிறக்கிறது. அதற்குமுன் என் கையில் இருக்கவேண்டும்.

ஐயா எப்படி? மல்லாவியில் மாமியின் கொட்டிலில் நுளம்புக்கடி கூடவாமே. உனக்குத்தான் மாதம் ஒரு கடிதம் போடுகிறார், எனக்கு உன் வழியாகத்தான் சேதி. மகனென்றால் மகன்தானே!

உன் வாயாடி அக்கா,
யோகராணி


உ

நகோயா
29.08.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் சேதியை வாசித்துவிட்டு ஆய்வுகூடத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை மொரித்தா ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று எட்டிப் பார்த்தான். "நான் மாமன் ஆகப்போறன்" என்றேன். அவன் எழுந்து நின்று குனிந்து வணக்கம் வைத்தான்.

இசே மொரித்தாவின் அம்மாவின் ஊர். வெயில் தணிய இருவருமாகப் போகிறோம். காப்பு நிச்சயம் வரும். நீங்கள் கோபப்படாமல் பால் எடுங்கள்.

ஐயாவின் கடிதம் போன கிழமை வந்தது. நல்ல சுகமாம். பேப்பரைக் கையெட்டும் தூரத்தில் பிடித்தால்தான் எழுத்துத் தெரிகிறதாம், இனிக் கை நீளாது என்று எழுதியிருக்கிறார். உங்கள் சேதியை அவருக்கு எழுதிவிட்டேன். பிள்ளைக்குப் பெயர் யோசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அத்தானுக்கும் என் அன்பு.

தம்பி,
குகதாசன்


உ

வோபர்ன்
15.09.1996

அன்புள்ள தம்பிக்கு,

வயிற்றுக்குள் இருக்கும் ஆள் உட்பட மூவரும் சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

ஐயாவுக்குக் கண்ணாடி செய்வித்துவிட்டேன். கறுப்புப் பிரேம், கண்ணாடிக்குக் கயிறும் வாங்கினேன். கழற்றி வைத்த இடம் மறந்து மாமியின் உயிரை வாங்குவார் அல்லவா? தெரிந்த ஒருவர் அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

பெயர் என்ன சொன்னார்? சொன்னவுடன் எழுது. வெள்ளிக்கிழமை தவறாமல் ரிச்மண்ட்ஹில் பிள்ளையாரிடம் போய், "இந்த முறை என்ரை கையிலை தந்துபோடு" என்று நேரடியாகவே கேட்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

காப்பை மறந்துவிடாதே. மறந்தால் உன் கலியாணத்துக்கு வரமாட்டேன்.

அக்கா,
யோகராணி


நகோயா
26.09.1996

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வீட்டுக்கு எழுதினால் அக்கா பிரித்துவிடுவா என்பதால் நீங்கள் சொன்னபடி வேலைத்தல விலாசத்துக்கு எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும்.

முந்தநாள் ரெலிபோனில் என்னால் ஒழுங்காகக் கதைக்க முடியவில்லை. ஐயா பதினான்காம் திகதி, சனிக்கிழமை காலையில் மோசம் போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சலாம். மருந்தில்லை, ஏற்றிக்கொண்டு போக வாகனமும் இல்லை. மாமியின் மகன் கொள்ளி வைத்துவிட்டு, வவுனியாவுக்கு வந்து எனக்கு ரெலிபோன் எடுக்கப் பத்து நாளாகிவிட்டது. நான் அவருடைய ஒரே மகன். அவர் எரிந்த நேரம் இங்கே நூடில்ஸ் தின்றுகொண்டு இருந்திருப்பேன். சேதி கேட்டதும் மாணவர் விடுதிக் குழாயைத் திறந்துவிட்டுத் தலை முழுகினேன். நான் செய்த கிரியை அவ்வளவுதான்.

பிள்ளை பிறக்கும்வரை அக்காவுக்குச் சொல்லவேண்டாம் என்று நீங்கள் கெஞ்சினீர்கள். டொக்டர் சொன்னதைக் கேட்டபின் எனக்கும் மறுக்க வாய் வரவில்லை. ஆனால் அக்காவுக்குப் பொய் எழுத என் கை ஓடவில்லை. "ஐயா சுகம்" என்று எழுதமாட்டேன். அது மட்டும் என்னால் ஆகாது.

இன்னொன்று. ஒக்டோபர் பதினான்கோடுதான் முப்பத்தொரு நாள் துடக்கு முடியும். தெரியாவிட்டாலும் துடக்குத் துடக்குத்தான். அதுவரை அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஏதாவது சாட்டுச் சொல்லுங்கள்.

அன்புள்ள,
குகதாசன்


ஸ்காபரோ
02.10.1996

அன்புள்ள குகன்,

உம்முடைய சுகம் எப்படி? தனியாக இருக்கிறீர், பட்டினி கிடக்கவேண்டாம். யோகம் நலம். பிரஷர் மட்டும் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்க மாட்டேனென்கிறது.

கோயிலுக்குக் கார் பழுது என்று சொல்லியிருக்கிறேன். "வேலைக்கு ஓடுற கார் வெள்ளிக்கிழமை மட்டும் படுக்குதோ?" என்று கேட்கிறா. நான் பொய் சொல்லத் தெரிந்தவனில்லை, உமக்குத் தெரியும்.

ஒரு உதவி. அந்த இசேக் காப்பைப் பற்றி நாளுக்கு நாலு தரம் கேட்கிறா. தபால்பெட்டிக்கு இறங்கி ஏறுகிறா. நீர் எழுதாமல் விட்டால்தான் சந்தேகம் வரும். தயவுசெய்து அங்கே போய் வாரும். ஒரு நாள் உல்லாசமாகச் சுற்றிப் பார்த்தவர் எப்படி எழுதுவாரோ அப்படி எழுதும். உம்முடைய மனம் படும் பாடு தெரிந்துதான் கேட்கிறேன். போனமுறை ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன உடம்பைக் கையில் வாங்கினவன் நான். இன்னொரு தரம் என்னால் ஏலாது.

இப்படிக்கு,
ஸ்ரீஸ்கந்தராசா


நகோயா
11.10.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அத்தானும் சுகமாக இருக்கவேண்டும். நேற்று இங்கே விளையாட்டுத் தினம், அரசாங்க விடுமுறை. சொன்ன சொல் தவறாமல் மொரித்தாவும் நானும் இசேக்குப் போய்வந்தோம். கண்டதெல்லாம் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

காலை ஏழு மணி ரயில், ஒன்றரை மணித்தியாலம். வயலெல்லாம் அறுத்துக் கிடக்கிறது. எதிர்ச் சீற்றில் இருந்த வயதான தம்பதி தோடம்பழம் உரித்து எங்களுக்கும் நீட்டினார்கள். கோயிலுக்கா என்று கேட்டார்கள். ஓம் என்றான் மொரித்தா.

அந்த ஊரில் சிறிதும் பெரிதுமாக நூற்றிருபத்தைந்து கோயில்கள். பெரியவை இரண்டு. முதலில் வெளிக்கோயில், பிறகு உட்கோயில் என்பது ஒழுங்கு. வெளிக்கோயில் ஸ்டேசனில் இருந்து நடை தூரம். கோபுரம் கிடையாது, வர்ணம் கிடையாது. இரண்டு மரத்தூண், மேலே குறுக்காக மரம் போட்ட ஒரு தோரணவாசல், அவ்வளவுதான். அதற்கு அப்பால் ஒரே காடு. வருகிறவர்கள் வாசலில் நின்று ஒருமுறை குனிந்துவிட்டு உள்ளே போகிறார்கள், திரும்பி வரும்போது திரும்பி நின்று மறுபடி குனிகிறார்கள். கோட்டும் ரையும் கட்டிய பெரிய மனிதர்களும் அப்படித்தான். அதைப் பார்த்துக்கொண்டே அரை மணித்தியாலம் போனது தெரியவில்லை.

பிறகு பஸ் பிடித்து உட்கோயிலுக்குப் போனோம். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே நீளமான மரப்பாலம், இரு தலைப்பிலும் தோரணவாசல். பழைய கோயிலைக் கழற்றும்போது அதன் பெரிய தூண்களைக்கொண்டுதான் அந்த வாசல்களைச் செய்கிறார்களாம். மூன்று வருசத்துக்கு முன்தான் புதுக்கோயில் கட்டினார்கள். மரம் இன்னும் சந்தன நிறத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சின்ன வில்லங்கம். என் புதுச் சப்பாத்துக் கடித்துக் குதிக்கால் புண்ணாகிவிட்டது. உள்ளே முழுக்கப் பருக்கைக் கல். அதனால் மொரித்தா உள்ளே போய்வர நான் இந்தக் கரையில் இருந்துவிட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்களாம். சேவல்கள் தம்பாட்டில் திரிகின்றனவாம். ஆற்றில் படி இறங்கிக் கைகழுவிவிட்டுப் போகவேண்டுமாம். கடைசியில் கற்படி ஏறினால் ஒரு வெள்ளைத் திரை. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாதாம். உங்கள் பெயரைச் சொல்லிக் கும்பிடச் சொல்லி அனுப்பினேன். "யோ-கா-ரா-நி" என்று பாலத்தில் நடக்கும்போது பாடமாக்கிக்கொண்டே போனான்.

நான் சும்மா இருக்கவில்லை. பாலத்துக்கு வெளியே ஆற்றோரமாகப் பழைய கடைத்தெரு இருக்கிறது. நொண்டிக்கொண்டு போய் ஒரு தேநீர்க்கடையில் இருந்தேன். அரிசிமாவு உருண்டைக்கு மேல் சிவப்புப் பயறு அரைத்து விரலால் வரி போட்டுத் தருகிறார்கள். அந்த வரி ஆற்றின் அலையாம். மோதகத்தை உள் வெளியாகப் புரட்டிய மாதிரி ருசி. மூன்று சாப்பிட்டேன் என்று எழுத ஆசை, ஒன்றுதான் இறங்கியது. கடைக்காரப் பெண் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டு, இலங்கையை அறியாமல், "தூரமா?" என்றாள். தூரம்தான் என்றேன். வெயில் ஆற்றில் விழுந்து நல்ல வடிவாக இருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் வாய் ஓயாது கதைத்திருப்பீர்கள்.

மத்தியானம் கட்டை நூடில்ஸ். விரல் மொத்தம், கறுப்புச் சாறு, பல்லே தேவையில்லை. மாலையில் மொரித்தா வாசலில் வைத்து ஒரு படம் எடுத்தான். அதுவும் இதில் இருக்கிறது.

காப்பு விரலளவு பட்டுப்பை. உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்கக்கூடாது. பிள்ளை பிறந்தபின் கோயிலிலேயே திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். மொரித்தாவே உறையில் போட்டு ஒட்டி, விலாசமும் எழுதித் தந்தான். அவன் எழுத்து என்னுடையதைவிட உறுப்பு, அச்சடித்த மாதிரி.

ஐயாவைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. நேரத்துக்கு மருந்தைக் குடியுங்கள்.

தம்பி,
குகதாசன்


வோபர்ன்
22.10.1996

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் சுகத்தை விரும்புகிறேன்.

கடிதமும் காப்பும் பதினெட்டாம் திகதி கிடைத்தன. காப்பைத் தலைமாட்டில் கட்டியிருக்கிறேன். மொரித்தாவுக்கு என் நன்றியைச் சொல். அவர் சொன்ன என் பெயர் அந்தச் சாமிக்கு விளங்கியிருக்கும்.

உன் படத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்துபோனாய். வடிவாகச் சாப்பிடு. தனியாக இருக்காதே, மொரித்தாவோடு எங்கேயாவது போய் வா.

கண்ணாடி கொண்டுபோக இருந்தவரிடம் கொடுக்கவில்லை. என்னிடமே இருக்கிறது. இருக்கட்டும்.

அத்தானின் கார் திருந்திவிட்டதாம். கோயிலுக்கு வா என்கிறார். கால் வீக்கம் என்று சொல்லி நான்தான் போகவில்லை. நீ ஒன்றுக்கும் யோசியாதே. நான் நல்ல தைரியமாக இருக்கிறேன்.

அக்கா,
யோகராணி


உ

நகோயா
18.11.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் பிரஷர் இறங்கியிருக்கிறது என்று அத்தான் ரெலிபோனில் சொன்னார். கேட்டு நிம்மதி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்துவிட்டேன். ஏச்சு ஒன்றுமே இல்லை. பெயர் வந்ததா என்றும் கேட்கவில்லை. உடம்புக்கு ஏதும் செய்கிறதா? பதிலுக்கு ஒரு வரியாவது என்னை ஏசி எழுதுங்கள்.

தம்பி,
குகதாசன்


உ

வோபர்ன்
14.01.1997

அன்புள்ள என் தம்பிக்கு,

நீ மாமனாகிவிட்டாய். ஒன்பதாம் திகதி காலையில் பெண்பிள்ளை. ஆறரை இறாத்தல். என் வாய் அப்படியே இருக்கிறது என்று மருத்துவத்தாதியே சொன்னாள். நானும் சுகம், பிள்ளையும் சுகம். இன்று பொங்கல். பிள்ளைப்பேற்றுத் துடக்கு வீடு என்பதால் பொங்கவில்லை.

இனிக் கேள். எனக்கு எல்லாம் தெரியும். ஒக்டோபர் பதினெட்டாம் திகதியே தெரியும்.

கடிதத்தின் மேலே பிள்ளையார் சுழி இல்லை. செத்தவீட்டுத் துடக்கில்தானே அதை எழுதாமல் விடுவோம். சரி, பெடியன் அவசரத்தில் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன். பிறகு உன் சப்பாத்து வந்தது. அட, ஒன்றரை மணித்தியாலம் ரயிலில் போய்க் கோயில் வாசலில் நின்று திரும்புகிற ஆளா நீ? கால் முறிந்தாலும் நொண்டி நொண்டிப் போயிருப்பாய். படத்திலும் வாசலுக்கு நேரே நிற்காமல் அரை அடி தள்ளித்தான் நிற்கிறாய். காப்பைக் கூட நீ தொடவில்லை. உறையில் வேறு கை. அம்மா செத்தபோது உனக்குப் பதினொரு வயது. பிள்ளையார் கோயில் ரோட்டால் போகமாட்டேன் என்று முப்பத்தொரு நாளும் பின் ஒழுங்கைச் சேற்றால் சுற்றிப் பள்ளிக்கூடம் போய், பிந்தி வந்ததற்கு ஒவ்வொரு நாளும் அடி வாங்கினாய். வாத்தியாருக்கு ஏனென்று ஒருநாளும் சொல்லவில்லை. அந்தக் கழுதை மாறவேயில்லை என்று அன்றைக்கு விளங்கியது.

யார் என்று யோசிக்கவும் தேவையிருக்கவில்லை. மாமி வேறு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தவ, அவவுக்கென்றால் உனக்கு இவ்வளவு துடக்கில்லை. பெரியப்பா, சித்தப்பா எங்களுக்கு இல்லை. மிச்சம் ஒரே ஆள்தானே.

எந்த நாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. அதனால் உன் கடிதம் கிடைத்த நாளில் இருந்து எனக்கென்று முப்பத்தொன்று எண்ணினேன். மச்ச மாமிசம் தொடவில்லை. காப்பைக்கூடக் கீழ்மாடியில் இருக்கிற மக்டலீனைக் கூப்பிட்டுத்தான் கட்டுவித்தேன். அவளுக்கு மட்டும் விசயத்தைச் சொன்னேன். பிரிட்ஜில் ஒட்டியிருப்பது அவளுக்கும் தெரியும். "ராணி அக்கா, ஒரேயடியா வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா அழுங்கோ" என்றாள். அத்தான் வேலைக்குப் போனபின் ஒவ்வொரு நாளும் அவள் வீட்டில் கால் மணித்தியாலம் அழுதேன். அவள் மணிக்கூட்டைப் பார்த்து, "காணும், நிப்பாட்டுங்கோ" என்பாள். முகம் கழுவிக்கொண்டு மேலே வந்துவிடுவேன். நம்பினால் நம்பு, அதற்குப் பிறகுதான் பிரஷர் இறங்கியது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீங்கள் இரண்டு பேரும் எனக்காக அவ்வளவு பாடுபட்டு மறைத்தீர்கள். தெரிந்துவிட்டது என்று சொன்னால் அத்தான் பயத்திலேயே விழுந்துவிடுவார். நீயோ, உன் கடிதத்தால்தான் வந்தது என்று உன்னையே தின்பாய். பிள்ளை கையில் வரட்டும் என்று இருந்தேன். பிறந்த அன்று பின்னேரம் அத்தானுக்குச் சொன்னேன், "எனக்கு ஐயான்ரை விசயம் தெரியும்" என்று. மனிதர் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து விக்கி விக்கி அழுதார். பிள்ளை பெற்ற நான்தான் தேற்றவேண்டியிருந்தது.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை. ஐயா செத்து ஒரு மாதம் ஆகமுதல், அக்கா கேட்டாள் என்று போய், ஆற்றின் அலை, நூடில்ஸ் என்று எனக்காகச் சந்தோசமாக எழுதினாயே. அதை நினைத்துத்தான் கூட அழுதேன்.

ஐயாவிடம் பெயர் கேட்கக் காத்திருந்தோம். வரவில்லை. நிலாணி என்று நாங்களே வைத்துவிட்டோம்.

காப்பை இதில் அனுப்புகிறேன். இப்போது துடக்குக்காரி நான், வாசலுக்கு வெளியே நிற்கிறவளும் நான். அதனால் மக்டலீன்தான் எடுத்து உறையில் போட்டு விலாசம் எழுதினாள். நீ மாமன், உனக்கு ஒரு தடையும் இல்லை. திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நீதானே எழுதினாய்? கொண்டுபோய்க் கொடு. இந்த முறை மொரித்தாவை அனுப்பாதே. நீயே உள்ளுக்குப் போ.

அக்கா,
யோகராணி


உ

நகோயா
12.02.1997

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானும் நீங்களும் நிலாணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் இப்போதுதான் சுகம்.

நேற்றும் விடுமுறை. மொரித்தாவும் வந்தான். பாலத்தடியில், "இங்கே இருக்கட்டுமா?" என்று கேட்டான். வா என்றேன். அன்றைக்கு நான் வாசலில் நின்றபோது அவனுக்கு உண்மையைச் சொல்லியிருந்தேன். அவர்களுக்கும் அப்படித்தானாம். ஐம்பது நாள் தோரணவாசலுக்குள் கால் வைக்கமாட்டார்களாம். அதனால்தான் ஒரு கேள்வியும் கேட்காமல் உங்கள் காப்பைத் தான் வாங்கி, தானே ஒட்டினான்.

வாசலில் குனிந்துவிட்டுப் பாலத்தைக் கடந்தேன். ஆற்றில் கை கழுவினேன். தண்ணீர் ஐஸ். சேவல்கள் உண்மைதான், ஒன்று என்னைத் துரத்தியது. பழைய காப்புகள் போடுகிற பெட்டியில் உங்களுடையதை வைத்தேன். பிறகு படி ஏறி வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்றேன்.

நிலாணியின் பெயரைச் சொல்லத்தான் போனேன். வாய் திறந்தால் "ஐயா" என்றுதான் வந்தது. அழுதேன், அக்கா. நாலரை மாதம் அடக்கி வைத்தது. கால் மணித்தியாலத்துக்கு மேலே இருக்கும். எனக்கு மணிக்கூடு பார்க்க ஆளில்லை. மொரித்தா பக்கத்தில் தலைகுனிந்து நின்றான், சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. முடிந்தபின் நிலாணியின் பெயரையும் சொன்னேன்.

ஐயா போனது செப்ரெம்பர் பதினான்கு, சனிக்கிழமை, விடிய. திவசத்துக்குத் திதி பார்க்க உங்களுக்குத் தேவைப்படும். கண்ணாடியை வைத்திருங்கள்.

போட்டுக்கொண்டு போனது அதே சப்பாத்துத்தான். கடிக்கவில்லை.

தம்பி,
குகதாசன்